யோகராணி மறுமொழி சொல்லாத கேள்வி

திருமாறன் எனக்கு ரெலிபோன் எடுத்தது போன வருடம் தை மாதம், ஒரு புதன்கிழமை காலை. அவருடைய தாயின் தகப்பனாரும் என் பெரியப்பாவும் சகலன்மார். அந்த வழியில் எனக்கு மருமகன் முறை. மொன்றியலை ஒட்டிய லவாலில் சொந்த வீடு. ஒரே மகன், பெயர் மிதுசன். அந்த மிதுசனும் டோர்வலில் இருக்கிற யோகராணியின் மகள் லோஜினியும் படிக்கிற காலத்திலேயே விரும்பிவிட்டார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை திருமாறன் ஆட்கள் மூன்று காரில் டோர்வலுக்கு வந்து, பெண் வீட்டில் சாப்பிட்டு, கலியாணத்துக்கு நாள் வைப்பதாகப் பேச்சு.

“மாமா, உங்கடை வட்சப்புக்கு ஒரு படம் அனுப்பினனான். பார்த்தனீங்களோ?”

பார்த்திருந்தேன். கரையெல்லாம் பனி. தொடையளவு ஆற்றுத் தண்ணீரில் ஒரு பெண், நெஞ்சு வரை ஏறிய ரப்பர் காற்சட்டையும் கம்பளித் தொப்பியும் போட்டு நிற்கிறாள். ஒரு கையில் நீளத் தடி, மற்றக் கையில் புள்ளி விழுந்த மீன். முகம் முழுக்கச் சிரிப்பு.

“யோகராணி. மீனும் நல்ல மீன்,” என்றேன்.

“மீனை விடுங்கோ மாமா. இந்தக் குளிருக்கை ஒரு பொம்பிளை ஆத்திலை இறங்கி நிண்டு மீன் பிடிக்கிறா. பரம்பரையிலை இல்லாத ஆக்கள் உதைச் செய்வினமோ? என்ரை தமையன் படத்தைக் கண்டிட்டுக் குதிக்கிறார். அவை என்ன ஆக்கள்?”

‘என்ன ஆக்கள்’ என்றால் என்ன என்று எங்கள் சனத்துக்கு விளங்கும். விளங்காதவர்களுக்காகச் சொல்கிறேன், சாதி கேட்கிறார். மீன் பிடிக்கிற சாதியோ என்று கேட்கிறார். முப்பத்தைந்து வருடம் கனடாவில் பனி வழித்த மனிதர். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரன் தூண்டிலோடு போனால் பொழுதுபோக்கு என்பார். எங்களில் ஒருத்தி போனால் அவருக்கு அது பரம்பரை.

அந்தக் கேள்விக்கு மறுமொழி தெரிந்த ஆள் மொன்றியலில் நான் ஒருவன்தான். யோகராணியின் தகப்பன் ரெயில்வேயில் கார்ட். நான் அதே பாதையில் கேற் மூடித் திறக்கிறவன். ஐந்தாம் வகுப்போடு நின்ற என்னைத் தன் பக்கத்தில் இருத்திச் சாப்பிட வைத்த மனிதர். மாற்றலாகி மாற்றலாகி நாலு ஊரில் பிள்ளைகளை வளர்த்தார். அதனால் யோகராணியின் வேர் எந்த ஊர் என்று இங்கே ஒருவருக்கும் பிடிபடாது. நான் அந்த வீட்டுக் கலியாணங்களுக்குப் போனவன், செத்த வீடுகளுக்குப் போனவன். பூட்டன் பெயர் வரை சொல்லுவேன். அவளுடைய புருசன் அரியரத்தினம் மட்டக்களப்பு. அந்தப் பக்கத்துக் கணக்கு யாழ்ப்பாணத்தாருக்கு விளங்காது. ஆகவே கேட்பதென்றால் என்னைத்தான் கேட்கவேண்டும்.

ஒரு சொல்லில் முடிகிற அலுவல். ஆனாலும் அவளிடம் ஒருக்கால் கேட்டுவிட்டுச் சொல்வோம் என்று, “பேந்து எடுக்கிறன்” என்று வைத்துவிட்டேன்.

யோகராணிக்கு ஐம்பத்தாறு வயது. விமானத்துக்குச் சாப்பாட்டுத் தட்டு அடுக்குகிற இடத்தில் இருபது வருடமாக வேலை. நாலு வருடத்துக்கு முன் மார்பில் புற்றுநோய் என்று வலப்பக்கம் வெட்டினார்கள். உயிர் தப்பியது, கை தப்பவில்லை. வீங்கிப்போய், தோளுக்கு மேல் ஏறாது. தலை இழுத்துப் பின்னுவதற்கும் இன்னொருவரைக் கூப்பிட வேண்டிய நிலை. அப்போது ஆஸ்பத்திரியில் ஒரு நேர்ஸ், இதே வருத்தம் வந்த பெண்கள் சேர்ந்து ஆற்றில் மீன் பிடிக்கப் போவார்கள், அந்தத் தடியை வீசுகிற வீச்சு கைக்கு நல்லது, போய்ப் பார் என்று சொன்னாள்.

இது எங்கள் ஊர்த் தூண்டில் இல்லை. ஈயமும் இல்லை, புழுவும் இல்லை. இறகையும் நூலையும் கொக்கியில் சுற்றி ஒரு பொய்ப்பூச்சி செய்வார்கள். நெல்லு மணியிலும் சின்னது, பாரமே இல்லை. ஆகவே பூச்சியை எறிய முடியாது, கயிற்றைத்தான் எறியவேண்டும். தடியைப் பின்னுக்கு வீசி, கயிறு முதுகுக்குப் பின்னால் முழுதாக நீளும் வரை ஒரு மூச்சுப் பொறுத்து, பிறகு முன்னுக்கு விடவேண்டும். அவசரப்பட்டால் கயிறு தலையில் விழும். முதல் கோடை முழுக்க அவளுக்குத் தலையில்தான் விழுந்தது. அழுதுகொண்டு வீசினாள் என்று அரியரத்தினம் எனக்குச் சொன்னார். மாரி வந்ததும் மற்றப் பெண்கள் நின்றுவிட்டார்கள். இவள் நிற்கவில்லை. உரிய அனுமதிச் சீட்டு எடுத்து, லசாலில் சென் லோறன்ஸ் ஆறு பாய்ந்து விழுகிற இடத்தில், தண்ணீர் உறையாத இடம் பார்த்து, சனிக்கிழமை தோறும் போவாள். பிடிக்கிற மீனைத் திருப்பி விட்டுவிடுவாள். இப்போது அந்தக் கை தலைக்கு மேல் ஏறும்.

புதன்கிழமை பின்நேரம் அவளுடைய வீட்டுக்குப் போனேன். குசினி மேசையில் விளக்கை இழுத்து வைத்துக்கொண்டு பூச்சி கட்டிக்கொண்டிருந்தாள். கொக்கியில் சுற்றுவதற்குத் தன் கூறைச் சேலையின் கரையிலிருந்து சரிகை உருவி எடுத்து வைத்திருந்தாள். தண்ணீரில் அந்த மினுக்கம் மீனுக்குப் பிடிக்குமாம். எதிரில் எலிசா தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். எலிசா பாசையூர், கடற்றொழில் செய்கிற குடும்பம். யோகராணியோடு ஒரே வேலை. சனிக்கிழமைகளில் காரில் ஏற்றிக்கொண்டு போய்க் கரையில் காவல் நிற்பவள் அவள்தான்.

நான் விசயத்தைச் சொன்னேன்.

“சொல்லட்டோ பிள்ளை? திருமாறன் என்ரை வாயை நம்புவான்.”

யோகராணி கொக்கியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “என்னெண்டு சொல்லப்போறியள் மாமா?”

“நீங்கள் அந்த ஆக்கள் இல்லையெண்டு.”

எலிசா கோப்பையை வைத்துவிட்டுச் சிரித்தாள். “அந்த ஆக்கள் இந்தா இருக்கிறன். வணக்கம் ஐயா.”

எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. எலிசாவே தொடர்ந்தாள்: “சொல்லட்டும் யோகா. எனக்கு ஒண்டும் தேய்ஞ்சு போகாது. பிள்ளையின்ரை அலுவல்.”

“உனக்குத் தேயாது. எனக்குத் தேயும்.”

லோஜினி அறைக்குள் இருந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். வந்து கதவில் சாய்ந்தாள். “அம்மா, ஒரு சொல்லுத்தானே. அது ஏலாதெண்டால், நேர்ஸ் சொன்ன எக்ஸர்சைஸ் எண்டு சொல்லுங்கோ. அது உண்மைதானே?”

“முதல் வருசம் உண்மை. இப்ப அது பொய். இப்ப எனக்கு விருப்பம், போறன்.”

“அவை வேண்டாமெண்டால் மிது வீட்டை விட்டிட்டு என்னட்டை வந்திடுவான். எனக்குத் தெரியும். ஆனா அப்பிடி வாற மிது எனக்கு வேண்டாம் அம்மா. அவன் ஒவ்வொரு நாளும் தகப்பனோடை கதைக்கிறவன். அதை நான் பறிச்சனெண்டு இருக்க என்னாலை ஏலாது.”

யோகராணி கையிலிருந்ததைக் கீழே வைத்தாள்.  இடக்கையால் வலக்கையைத் தேய்த்துவிட்டாள். அந்த நேரம் வேலை முடிந்து வந்த அரியரத்தினம் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார்.

“என்ரை பக்கம் ஆரும் கேக்கேல்லையோ மாமா?”

“நீர் மட்டக்களப்பார். உம்மடை கணக்கு அவைக்குத் தெரியாது.”

“அப்ப நான் தப்பீட்டன்,” என்று போய்ச் சோறு போட்டுக்கொண்டார். ஆனால் போகும்போது மனைவியின் தோளில் ஒருமுறை கை வைத்துவிட்டுத்தான் போனார்.

கடைசியில் யோகராணி சொன்னாள்: “மாமா, நீங்கள் சொல்லக்கூடாது. எனக்காக வாயைத் திறக்காதேங்கோ. அவருக்கு அறிய விருப்பமெண்டால் என்னை நேரை கேக்கட்டும். சனிக்கிழமை நான் ஆத்திலை நிப்பன்.”

லோஜினி அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். அடித்துச் சாத்தவில்லை. மெல்லச் சாத்தினாள். அதுதான் எனக்குக் கூடுதலாகச் சுட்டது.

அவள் தன்னை நேரே கேட்கச் சொன்னதைத் திருமாறனுக்கு ரெலிபோனில் சொன்னேன். சனிக்கிழமை காலை அவர் என்னைக் காரில் ஏற்றிக்கொண்டு லசாலுக்குப் போனார். சைபருக்குக் கீழே பதினாலு. காற்று வேறு. மூச்சு விட்டால் மீசையில் ஒட்டுகிற குளிர். நடைபாதையிலிருந்து ஆற்றுக்கு இறங்குகிற இடத்தில் பனியில் இரண்டு பேருடைய காலடி மட்டும் இருந்தது. ஆறு பாறைகளில் இரைந்து விழுந்து, வெள்ளை ஆவி எழும்பி, அக்கரை தெரியவில்லை.

அந்த ஆவிக்குள் யோகராணி நின்றாள். நான் அதுவரை படத்தில்தான் கண்டிருக்கிறேன். இடுப்பில் ஒரு கயிறு. அதன் மற்ற நுனியை எலிசா கரையிலுள்ள மரத்தில் கட்டியிருந்தாள். கடலில் ஆட்களைப் பறிகொடுத்த குடும்பம், அவளுக்குத் தண்ணீரில் நம்பிக்கை இல்லை. யோகராணி தடியைப் பின்னுக்கு வீசினாள். தூண்டில் கயிறு எங்கள் தலைக்கு மேலால் போய், நீண்டு, ஒரு கணம் ஆகாயத்தில் கோடு கீறினது போல நின்றது. அவள் பொறுத்தாள். பிறகு முன்னுக்கு விட்டாள். சத்தமே இல்லை. எழும்பாது என்று டொக்டர்மார் சொன்ன கை. 

நாலைந்து வீச்சுக்கு ஒருக்கால் தடியின் வளையங்களில் தண்ணீர் உறைந்துபோய்க் கயிறு ஓடாது. தடியை ஆற்றுக்குள் தாழ்த்தி, பனியைக் கரைத்து, மறுபடி வீசுவாள்.

“தேங்காயெண்ணெய் பூசு எண்டு நான்தான் சொன்னனான் அண்ணை,” என்று எலிசா எங்களைக் கண்டதும் திருமாறனிடம் கதையைத் தொடங்கினாள், பல நாள் தெரிந்தவர் மாதிரி. “பூசினா. வளையத்தை விட எண்ணெய் முதலிலை உறைஞ்சுது. யோகா! உந்தப் பெரிய கல்லுக்குப் பின்னாலை தண்ணி சுத்துது பார், அங்கை போடு!”

யோகராணி அங்கே போட்டாள். மூன்றாவது தரம் கயிறு இழுபட்டது. தடி வில்லாக வளைந்தது. அவள் பின்னுக்கு ஒரு அடி வைத்தாள், முன்னுக்கு ஒரு அடி வைத்தாள். இழுக்கவில்லை, இழுக்க விட்டாள். பத்து நிமிடமாவது இருக்கும். திருமாறன் தன்னை மறந்து கையுறையோடு கை தட்டத் தொடங்கி, நினைவு வந்து நிறுத்தினார்.

முழங்கை நீளம், பொன் நிறம், சிவப்புப் புள்ளி. அவள் கையுறையைக் கழற்றி, கையைத் தண்ணீரில் நனைத்து, மீனைத் தண்ணீருக்குள்ளேயே பிடித்துக் கொக்கியை எடுத்தாள். இரு கையிலும் ஏந்தி, ஓட்டத்துக்கு எதிரே அதன் முகத்தைத் திருப்பிக் கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். வால் அடித்தது. போய்விட்டது.

“ஐயோ, தப்பீட்டுது!” என்றார் திருமாறன்.

“தப்பேல்லை அண்ணை. அவ விட்டவ,” என்றாள் எலிசா. “மூண்டு வருசமாய் இந்த அநியாயத்தைப் பார்த்துக்கொண்டு நிக்கிறன்.”

யோகராணி தடியை ஊன்றிக் கரை ஏறினாள். விரல்கள் சிவந்து போயிருந்தன. “வாங்கோ அண்ணை. குளிருக்கை வந்திட்டியள். தேத்தண்ணி குடிக்கிறியளே?”

திருமாறன் கெட்டவர் இல்லை. கேட்க வந்ததைக் கேட்க அவருக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. சப்பாத்தால் பனியைக் கிண்டினார். பிறகு கேட்டார்.

“தங்கச்சி, குறை நினைக்கக்கூடாது. எனக்கு உதிலை ஒண்டும் இல்லை. தமையன் நிக்கவிடுறாரில்லை. நீங்கள் அங்கை... என்ன ஆக்கள்?”

ஆறு இரைந்தது. யோகராணி நனைந்த கையைக் காற்சட்டையில் துடைத்தாள்.

“அண்ணை, அதுக்கு நான் மறுமொழி சொல்லமாட்டன். ஓம் எண்டால் பொய்யாய் இருக்கலாம். இல்லை எண்டால், இந்தா நிக்கிறாளே இவள், இவளை நான் தள்ளி வைக்கிற மாதிரி. எனக்கு ஒரு கை இல்லாமல் இருந்த வருசம் இவள்தான் எனக்குத் தலை இழுத்தவள். இவளுக்கு முன்னாலை அந்தச் சொல்லு எனக்கு வராது. இவள் இல்லாத இடத்திலையும் வராது.”

திருமாறன் என்னைப் பார்த்தார். நான் ஆற்றைப் பார்த்தேன்.

எலிசாவுக்குப் பொறுக்கவில்லை. லோஜினியைத் தூக்கி வளர்த்தவள் அவள். “அண்ணை, நான் சொல்லுறன். நான் பாசையூர், எனக்குத் தெரியும். இவ எங்கடை ஆக்கள் இல்லை. இவ்வளவு பெரிய மீனைப் பிடிச்சு, முகத்தைத் தடவி, போய்ட்டு வா எண்டு அனுப்பிற விசர் எங்கடை சாதி சனத்திலை ஒருதருக்கும் இல்லை! என்ரை அப்பா பார்த்திருந்தால் இவவையும் மீனோடை சேர்த்துத் தண்ணிக்கை தள்ளியிருப்பார்.”

திருமாறன் வாய்விட்டுச் சிரித்தார். நெஞ்சில் இருந்த பாரம் இறங்கினது போல. “அப்ப சரி,” என்றார். “அப்ப சரி தங்கச்சி. நாளைக்கு வாறம்.”

அதோடு முடிந்தது என்றுதான் நான் நினைத்தேன். பெண்ணைப் பெற்ற வேறு யாரும் என்றால் அந்த இடத்தில் கும்பிட்டு அனுப்பியிருப்பார்கள். நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

“நில்லுங்கோ அண்ணை,” என்றாள் யோகராணி. “எதுக்கு ‘அப்ப சரி’?”

“என்ன?”

“நான் எலிசாவின்ரை ஆக்களாய் இருந்திருந்தால் சரியில்லையோ?”

“தங்கச்சி, நான் அப்பிடிச் சொல்லேல்லை. தமையன்...”

“தமையன் இஞ்சை இல்லை. நீங்கள்தான் நிக்கிறியள்.” அவளுடைய குரல் உயரவில்லை.  “நாளைக்கு எங்கடை வீட்டிலை சமைக்கப்போறது எலிசா. வாசலிலை நிண்டு கூப்பிடப்போறதும் எலிசா. சோறு போடப்போறதும் அவள்தான். அதுக்கு வாறதெண்டால் வாங்கோ அண்ணை, தலையிலை வைச்சுக் கும்பிடுறன். இந்த ‘அப்ப சரி’யோடை வராதேங்கோ.”

“நானோ?” என்றாள் எலிசா. “நல்ல காரியத்துக்கு மரக்கறியெல்லோ சமைக்கவேணும்! எனக்குக் கத்தரிக்காயோடை பழக்கமே இல்லையடி!”

இந்த முறை ஒருவரும் சிரிக்கவில்லை. திருமாறன் திரும்பிக் கார்ப் பக்கம் நடந்தார். நான் பின்னால் போனேன். மேட்டில் ஏறித் திரும்பிப் பார்த்தேன். யோகராணி தடியை எடுக்கவில்லை. பனியில் குந்தியிருந்தாள். எலிசா அவளுடைய கைகளைத் தன் கோட்டுக்குள் இழுத்து வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

காரில் திருமாறன் ஒன்றுதான் கேட்டார். “மாமா, உங்களுக்குத் தெரியும், என்ன?”

“தெரியும்.”

“சொல்லியிருக்கலாமே.”

“சொல்லவேண்டாமெண்டு கேட்டவள்.”



ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு மணிக்கு வருவதாகப் பேச்சு. எலிசா தேவாலயப் பூசையைப் பாதியில் விட்டுவிட்டு வந்து சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சமைத்தாள். யோகராணி மரக்கறி வெட்டிக் கொடுத்ததோடு சரி, அடுப்பைத் தொடவில்லை. பன்னிரண்டரை ஆனது. ஒரு மணி ஆனது. லோஜினி யன்னலடியில் நின்றாள். அரியரத்தினம் வாசலில் பனி வழித்த இடத்தையே மறுபடி வழித்துக்கொண்டிருந்தார். எலிசாவும் யன்னலையே பார்த்துக்கொண்டிருந்ததில் பருப்பு அடிப்பிடித்து வீடெல்லாம் மணம். யோகராணி கதிரையில் நேராக இருந்தாள். மகளைப் பார்க்கத் துணிவில்லாமல் என்னைப் பார்த்தாள். நான் எழுபத்தெட்டு வயதுக்காரன். எத்தனையோ வீடுகளில் பெரியவர்கள் மறுமொழி சொல்லிக் காரியம் முடித்ததைக் கண்டிருக்கிறேன். சொல்லாமல் விட்டு, அதன் முழுப் பாரத்தையும் தன் தலையில் வைத்துக்கொண்டு இருந்த ஒருத்தியை அன்றைக்குத்தான் கண்டேன்.

லோஜினி யன்னலிலிருந்து வந்து தாயின் கதிரைக் கையில் இருந்தாள்.  தாயின் வலக்கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

ஒன்றேகாலுக்கு ஒரு கார் வந்தது. மூன்று இல்லை, ஒன்று. திருமாறன், மனைவி, மிதுசன், மூன்று பேர். தமையன் வரவில்லை. ஆவணியில் நடந்த கலியாணத்துக்கும் வரவில்லை. இன்றைக்கு வரை தம்பியோடு பேச்சு இல்லை என்று கேள்வி. அதை மறைத்து எழுத எனக்கு விருப்பமில்லை.

வாசலில் எலிசா நின்று, “வாங்கோ அண்ணை, வாங்கோ மச்சாள்,” என்று கூப்பிட்டாள். திருமாறன் சப்பாத்தைக் கழற்றினார். “பிந்திப் போச்சு தங்கச்சி,” என்று யோகராணியைப் பார்த்துச் சொன்னார். “தமையன் வீட்டை போய்க் கதைச்சுப் பார்த்திட்டு வாறன்.” அவ்வளவுதான். அவள், “இருங்கோ அண்ணை,” என்றாள்.

இலை போடவில்லை, தட்டுத்தான். எலிசா சோறு போட்டாள், பருப்பு விட்டாள், கத்தரிக்காய் வைத்தாள். கத்தரிக்காய் ஒரு பக்கம் வேகவில்லை. திருமாறன் குழைத்துச் சாப்பிட்டார். எல்லோரும் அவருடைய கையையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவருக்கும் அது தெரியும். தட்டு முடிந்ததும் நிமிர்ந்து எலிசாவைப் பார்த்தார்.

“தங்கச்சி, இன்னும் கொஞ்சம் பருப்பு விடுங்கோ.”

“வேண்டாம் அண்ணை. உண்மையாய் அடிப்பிடிச்சுப் போச்சு.”

“தெரியுது. விடுங்கோ.”